14ஆம் நாள் என்று எழுதியதற்கு ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். வயது 37. எனக்குத் தெரிந்து எங்கள் ஆபீஸுக்கு உங்கள் நாளிதழ்தான் வருகிறது. முட்டை விலை பார்க்க முதலாளி ஒரு தடவை, மேனேஜர் ஒரு தடவை, லோடு ஏற்ற வரும் டிரைவர்கள் ஒரு தடவை என்று கை மாறி என்னிடம் வரும்போது பதினோரு மணி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை இணைப்பு மட்டும் மடிப்புக் கலையாமல் கிடைக்கும். அதை யாரும் தொடுவதில்லை.

போன வார இணைப்பில், குழந்தைப்பேறு பற்றிய கேள்வி பதில் பகுதியில், மாதவிலக்கு வந்த 14ஆம் நாள் கருமுட்டை வெளிவரும், அன்று தம்பதியர் சேர்ந்தால் போதும் என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஆபீஸில் பில் போடும் பெண்ணுக்கு வயது 24. கல்யாணமாகி ஒன்றரை வருடம். அவள் வீட்டுக்காரர் வெளிமாநிலத்துக்கு லோடு போகிற லைன் லாரி ஓட்டுகிறார். அந்தப் பகுதியைக் கத்தரித்து எடுத்து வந்து, திங்கட்கிழமை காலையில் மேசைக் காலண்டரில் ஒரு தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். "அக்கா, அன்னைக்கு அவரு ஊர்ல இருப்பாருங்க. கேட்டுட்டேன்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உனக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும் என்று கேட்டேன். முப்பத்திரண்டு, சில மாதம் முப்பத்து நாலு என்றாள். அப்படியானால் அவள் வட்டம் போட்ட தேதிக்கு நாலு முதல் ஆறு நாள் கழித்துத்தான் கருமுட்டை வெளிவரும். அதற்குள் லோடு கிளம்பிவிடும்.

இந்தக் கணக்கில் பிழை எங்கே வருகிறது என்று கணக்கெழுதுகிறவளாகச் சொல்கிறேன். 14 என்பதை முன்னாலிருந்து எண்ணக் கூடாது, பின்னாலிருந்து எண்ண வேண்டும். கருமுட்டை வெளிவந்த பிறகு அடுத்த விலக்கு வரும்வரை உள்ள நாட்கள் பெரும்பாலான பெண்களுக்கு ஏறக்குறைய 14. ஒன்றிரண்டு கூடும், குறையும், அவ்வளவுதான். கருமுட்டை வெளிவருவதற்கு முன்னால் உள்ள நாட்கள்தான் ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் நீளும், சுருங்கும். 28 நாளைக்கு ஒருமுறை வருகிறவளுக்கு இரண்டு பக்கமும் 14 ஆகப் போய்விடுவதால் எல்லோருக்கும் 14 என்று ஆகிவிட்டது. 35 நாள் என்றால் 21ஆம் நாள் பக்கம். 38 என்றால் 24. இந்தக் கணக்கும் தோராயம்தான், ஆனாலும் எல்லோர் தலையிலும் 14ஐக் கட்டுவதைவிட மேல்.

இன்னொன்று, அது "அன்று ஒருநாள்" என்ற விஷயமும் இல்லை. வெளிவந்த கருமுட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம்தான். ஆனால் விந்தணு பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள் வரைகூட உயிரோடு இருக்கும். அதனால் கருமுட்டை வெளிவருவதற்கு முந்தைய ஐந்து நாளும் அந்த நாளும் சேர்ந்து ஆறு நாள் கணக்கில் வரும். முட்டை வந்த மறுநாள் சேருவதைவிட இரண்டு நாள் முன்னால் சேருவது நல்லது. ஆள் முன்கூட்டியே வந்து காத்திருக்கலாம், பஸ் போன பிறகு வந்து பிரயோஜனமில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், தெரியாமல் போனதால் தெரிந்தது.

எனக்குக் கல்யாணம் ஆனபோது வயது 26. பி.காம். படித்தவள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் புத்தகத்தில் அந்தப் பாடம் வந்தபோது டீச்சர் "வீட்ல படிச்சுக்கங்க" என்று அடுத்த பாடத்துக்குப் போனது இன்னும் நினைவிருக்கிறது. கல்யாணமாகி மூன்றாவது மாதமே "அம்மிணி, விசேஷம் ஏதாச்சும் உண்டா?" தொடங்கிவிட்டது. ஒரு வருடம் ஆனதும் "வயித்துல புழு பூச்சி உண்டா?" ஆனது. இரண்டாவது வருடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அதிகம் உறைத்தது. என் நாத்தனார் வளைகாப்பில் என்னை அடுப்படியில் வெரைட்டி ரைஸ் அள்ளிப் போட வைத்துவிட்டு, வளையல் போடும் நேரத்தில் யாரும் கூப்பிடவில்லை. சரி, அதை விடுங்கள். அது தனிக் கடிதம்.

என் வீட்டுக்காரரும் லைன் லாரி. லோடு ஏற்றிக்கொண்டு அகமதாபாத் பக்கமோ குவாஹாத்தி பக்கமோ போனால் வீடு திரும்பப் பதினைந்து நாளும் ஆகும், இருபத்தைந்து நாளும் ஆகும். எனக்கு விலக்கு 34 முதல் 38 நாளைக்கு ஒருமுறை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. போன இடங்களிலும் யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் போன இடத்தில் கருமுட்டை வளர்வதற்கு என்று மாத்திரை கொடுத்தார்கள். விலக்கான இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாள் சாப்பிட வேண்டும், அப்புறம் ஒன்று விட்டு ஒரு நாள் உள் ஸ்கேன். "பதினெட்டு வந்திருக்கு, இருபது வந்திருக்கு, நாளைக்கு வெடிச்சிரும்" என்பார்கள். மில்லிமீட்டர் கணக்கு. நாலு மாதம் தின்றேன். அதில் மூன்று மாதம் முட்டை வெடித்த நாளில் என் வீட்டுக்காரர் ஏதோ ஒரு மாநிலத்துச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. டாக்டர் மருந்து கொடுக்கிறார், மருந்து வேலை செய்யும் என்று நினைத்தேன். இதைப் படித்து யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். இப்போது நானே சிரிப்பதுண்டு.

எங்கள் பண்ணைகளில் லட்சக்கணக்கில் கோழி இருக்கிறது, ஒரு சேவல் கிடையாது. முட்டைக்கோழிக்குச் சேவல் தேவையில்லை. அது பாட்டுக்கு இருபத்தைந்து மணி நேரத்துக்கு ஒன்று வைக்கும். ஆனால் அந்த முட்டையை எத்தனை நாள் அடை வைத்தாலும் குஞ்சு பொரிக்காது. நாமக்கல்லில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். மருத்துவ ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வருடம் அலைந்தபோது என்னை ஒரு லேயர் கோழியாகத்தான் பார்த்தார்கள் என்று பின்னால்தான் உறைத்தது. தீவனம் மாற்றினார்கள், ஊசி போட்டார்கள், முட்டை அளந்தார்கள். சேவல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்து கருக்குழாய் அடைப்பா என்று பார்க்க, சாயம் விட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த வலியை எழுத எனக்குத் தெரியவில்லை. அடைப்பு இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மாமியார், "நல்லவேளை சாமி, உனக்கு ஒண்ணும் இல்லை" என்று திருநீறு பூசிவிட்டார். அவர் நல்ல மனுஷி. ஆனால் எனக்கு ஒன்றும் இல்லை என்றால் அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாயிலும் வரவில்லை. ஆண் பக்கத்துச் சோதனை வலி இல்லாதது. இரண்டு மூன்று நாள் சேராமல் இருந்துவிட்டு ஒரு சின்ன டப்பாவில் விந்தைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். நான் அதுவரை செலவு செய்தது கோயில் குளம் நீங்கலாக ஒரு லட்சத்துப் பத்தாயிரம். என் வீட்டுக்காரருடைய சோதனைக்கு ஆனது முந்நூற்றைம்பது ரூபாய். உடம்பில் கருவி விட்டுச் செய்யும் சோதனை எதற்கும் முன்னால் செய்ய வேண்டியது அது.

சேவல் எங்கே என்று கேட்டது ஒரே ஒருவர். அரசு மருத்துவமனையில் ஒரு லேடி டாக்டர். புறநோயாளிப் பிரிவில் எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். என் ஃபைலை அவர் திறக்கவே இல்லை. "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை?" லாரி என்றேன். "மாசத்துல எத்தனை நாள் வீட்ல?" விரல் விட்டு எண்ணினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு தாளில் கோடு போட்டு, மேலே நான் எழுதியிருக்கும் பின்னாலிருந்து எண்ணும் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். பத்து நிமிடம் இருக்கும். "அவருக்குச் சோதனை பண்ணிட்டு அடுத்த தடவை ரெண்டு பேரும் வாங்க. நீங்க மட்டும் வந்தா பார்க்க மாட்டேன்" என்றார். அதட்டல்தான். ஆனால் மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல வைத்தியம் அந்த அதட்டல்.

அன்று ராத்திரி, என் காலண்டர் தாள்களையும் அவருடைய டிரிப் ஷீட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பேரேடு போட்டேன். இரண்டு வருடம், 21 விலக்கு. ஒவ்வொன்றுக்கும் அடுத்த விலக்குத் தேதியிலிருந்து 14 நாள் பின்னால் போய், அதற்கு முந்தைய ஐந்து நாளையும் சேர்த்து, அவர் எங்கே இருந்தார் என்று எதிரில் எழுதினேன். பத்து தடவை ரோட்டில். நாலு தடவை, எல்லோரும் சொன்ன 12, 14, 16ஆம் நாளுக்கு ஊரில் இருந்துவிட்டு, உண்மையான நாள் வருவதற்குள் கிளம்பிவிட்டார். ஒரு தடவை அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நான் அம்மா வீட்டில். இரண்டு தடவை அவர் மாலை போட்டிருந்தார். பிள்ளை வேண்டும் என்று ஐயப்பனுக்கு மாலை போட்டு, ஒரு மண்டலம் விரதம், பாய் தனி. சாமியே சரணம் ஐயப்பா. ஐயப்பனும்தான் என்ன செய்வார்?

மிச்சம் நாலு. இரண்டு வருடத்தில் நாங்கள் உருப்படியாக முயற்சி செய்தது நாலே தடவை. ஒரு குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நூற்றுக்கு 20, 25தான். அதனால்தான் ஒரு வருடம் பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறார்கள். அதற்குள் நூற்றில் 80, 85 பேருக்குத் தங்கிவிடும். நாலு தடவையில் தங்கவில்லை என்பதற்கு என்னை மலடி என்றார்கள். நானும் நம்பினேன்.

அவருடைய சோதனை முடிவும் வந்தது. ஒரு மில்லி லிட்டர் விந்தில் 90 லட்சம் அணு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டில் கீழ் அளவாகச் சொல்வது ஒரு கோடியே 60 லட்சம். அதற்குக் கீழே போனால் பிள்ளையே பிறக்காது என்று அர்த்தமில்லை, நாள் ஆகும். அதோடு ஒரே ஒரு சோதனையை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது, மறுபடி பார்க்க வேண்டும். விதைப்பை உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் அணு நன்றாக உற்பத்தியாகும். இவர் இருபது வருடமாக இன்ஜின் சூட்டில் உட்கார்ந்திருக்கிறவர். தூக்கம் வராமல் இருக்க வாயில் எப்போதும் புகையிலை. ஒரு விந்தணு உருவாகி முடிய எழுபது நாளுக்கு மேல் ஆகும் என்பதால், இன்று திருந்தினால் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். புகையிலையை விட்டார். விட்டார் என்றால் நாலு தடவை விட்டார். லைன் லாரியை விட்டுவிட்டு எட்டு மாதம் தீவன லோடு ஓட்டினார், சம்பளம் பாதி. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஒரு கோடியே 80 லட்சம்.

அந்த முதல் ரிசல்ட்டை அவர் வாங்கிக்கொண்டு வந்த நாள் எனக்கு மறக்காது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "யார்கிட்டயும் சொல்லாத" என்றார். மூன்று வருடமாக என் கர்ப்பப்பையின் நீள அகலம் எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனாலும் நான் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை எழுதும் முன் அவரிடம் படித்துக் காட்டினேன். "புகையிலையை எடுத்துரு" என்றார். எடுக்கவில்லை.

பக்கத்தில் திருச்செங்கோடு. மலை மேல் அர்த்தநாரீசுவரர், ஆண் பாதி பெண் பாதி. ஆனால் அதே மலையில் வறடிக்கல், அதாவது மலடிக்கல், என்று ஒரு பாறை உண்டு. பிள்ளை இல்லாத பெண்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றுவார்களாம். என் அமுச்சி, அம்மாவின் அம்மா, சொல்லியிருக்கிறார். வறடன் கல் என்று ஒன்று இல்லை. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாளாம் என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அது ராஜாவைச் சொல்லவில்லை, பிள்ளை வரம் கேட்டுச் சுற்றும் அரச மரத்தைச் சொல்கிறது என்பார்கள். அந்தக் காலத்துக் கிழவி யாரோ ஒருத்திக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

இனி உங்கள் இணைப்பில் எழுதுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தேதிக் கணக்கு ஒழுங்காக வராத பெண்களுக்கு உடம்பே அடையாளம் காட்டும் என்பதை எழுதுங்கள். கருமுட்டை வெளிவருவதற்கு முந்தைய நாட்களில் வெள்ளைப்படுதல் தெளிவாக, வழவழப்பாக, இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்தால் நூல் போல நீளும். பச்சை முட்டையின் வெள்ளைக் கரு எப்படி இருக்குமோ அப்படி. நாமக்கல்காரிக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மருந்துக் கடையில் சிறுநீரில் பார்க்கும் பட்டையும் கிடைக்கிறது; கர்ப்பம் பார்க்கிற பட்டை இல்லை, இது வேறு. இரண்டு கோடும் அழுத்தமாக வந்தால் ஒன்று, ஒன்றரை நாளில் முட்டை வெளிவரும் என்று அர்த்தம். பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பைக் கோளாறு இருப்பவர்களை இந்தப் பட்டை சில சமயம் ஏமாற்றும்.

அந்த பி.சி.ஓ.எஸ்.ஸைத் தமிழில் நீர்க்கட்டி, நீர்க்கட்டி என்று எழுதுகிறீர்களே, தயவுசெய்து வேறு சொல் தேடுங்கள். அது கட்டி இல்லை. வளரத் தொடங்கி பாதியில் நின்றுவிட்ட சின்னச் சின்ன முட்டைப் பைகள்தான் ஸ்கேனில் அப்படித் தெரிகின்றன. கட்டி என்ற சொல்லைக் கேட்டு, ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா என்று ஓடும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதே போல ஏ.எம்.எச். என்று ஒரு ரத்தச் சோதனை. அது கருமுட்டைக் கையிருப்பு எவ்வளவு என்று தோராயமாகக் காட்டும், அவ்வளவே. ஸ்டாக் குறைவு என்றால் நாளைக்கே கடையை மூட வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள். மாதம் ஒரு முட்டை வெளிவந்தால் போதும் என்கிறபோது, அந்த எண்ணை மட்டும் பார்த்து, தானாகக் கரு தங்காது என்று சொல்ல முடியாது.

இதற்காக எல்லோரும் காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து இருபது லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறது. அதன் பிறகு புதிதாக ஒன்றும் உருவாவதில்லை. வயதுக்கு வரும்போது மூன்று நாலு லட்சமாகக் குறைந்துவிடும், முப்பத்தைந்துக்கு மேல் எண்ணிக்கையும் தரமும் வேகமாக இறங்கும். அதனால் முப்பத்தைந்து தாண்டியவர்கள் ஆறு மாதம் பார்த்தால் போதும், டாக்டரிடம் போய்விட வேண்டும். விலக்கு மாதக்கணக்கில் வராதவர்கள், தாங்க முடியாத விலக்கு வலி உள்ளவர்கள், முன்பு காசநோய் வந்தவர்கள் ஆறு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை, இருமலே இல்லாமல் கருக்குழாயை அடைத்துவிடும். நம் நாட்டில் இது இன்னும் உண்டு.

உலகத்தில் ஆறு பேரில் ஒருவருக்குப் பிள்ளைப்பேற்றில் சிக்கல் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. எங்கள் ஆபீஸில் கல்யாணமானவர்கள் பன்னிரண்டு பேர். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஊருக்கு வரும் கிராம நர்ஸ் கையில் தம்பதியர் பதிவேடு உண்டு. அதில் எந்தக் குடும்பக் கட்டுப்பாட்டு முறை என்று எழுத இடம் இருக்கிறது. என் பெயர் வரும்போது மட்டும் அவர் நிமிராமல் தாளைப் புரட்டுவார். கர்ப்பமாகிவிட்டால் எண் உண்டு, அட்டை உண்டு, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணம் உண்டு. அதற்கு முந்தைய படியில் நிற்கிறவளுக்கு உங்கள் கடைசிப் பக்கத்து விளம்பரம்தான் உண்டு. குண்டுக் குழந்தை படம், பெரிய எழுத்தில் வெற்றி சதவீதம். சோதனைக்குழாய்க் குழந்தை மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2021இல் சட்டமே வந்துவிட்டது. விளம்பரத்தில் பதிவு எண்ணையும், அந்தச் சதவீதம் எந்த வயதுப் பெண்களுக்கு, எத்தனை பேரில் என்பதையும் போடச் சொல்லி நீங்கள் கேட்கலாம். உங்கள் பக்கம், உங்கள் உரிமை.

இவ்வளவும் படித்தவர்கள் மனதில், அப்புறம் உனக்கு என்ன ஆச்சு, விசேஷம் உண்டா இல்லையா என்று ஒரு கேள்வி வந்திருக்கும். அதை எழுதப் போவதில்லை. பிறந்தது என்று எழுதினால் இதுவும் ஒரு விளம்பரம் ஆகிவிடும், என் கணக்கைப் போட்டுப் பார்த்தும் பலன் கிடைக்காதவள் தன் மேல்தான் குறை என்று நினைப்பாள். பிறக்கவில்லை என்று எழுதினால் பாவம் என்று உச்சுக் கொட்டிவிட்டு, சொன்ன விஷயத்தை விட்டுவிடுவீர்கள். பதினோரு வருடமாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. உங்கள் வாசகர்களுக்கும் சொல்லத் தெம்பில்லை. என் பெயரும் போட வேண்டாம், நாமக்கல் வாசகி என்று போட்டால் போதும்.

பில் போடும் பெண்ணின் காலண்டரில் வட்டத்தை அழிக்க முடியவில்லை, பேனா மை. அதைச் சுற்றி முன்னும் பின்னுமாக ஒரு நீளக் கோடு இழுத்து வைத்திருக்கிறாள். வீட்டுக்காரரிடம் டிரிப் ஷீட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். சோதனைக்கும் போகச் சொல் என்றேன். "அதை நீங்களே சொல்லுங்கக்கா, என்னால ஆகாது" என்கிறாள். அந்தப் பையனிடம் நான் எப்படிப் போய்ச் சொல்வது?

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த 14ஆம் நாள் விஷயத்துக்குத் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். போடும்போது ஆண் பக்கத்துச் சோதனை பற்றியும் இரண்டு வரி சேர்த்து, முட்டை விலை வரும் பக்கத்தில் போடுங்கள். ஞாயிறு இணைப்பை எங்கள் ஊர் ஆண்கள் யாரும் பிரிப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாமக்கல்.